சத்தம் போடும் ஹாட் டிஸ்க்: கரண்டைக் கழற்றுவதில் இருந்து படங்களை எடுக்கும் வரை

கடைக்கு ஹாட் டிஸ்க்கைக் கொண்டுவருபவர்கள் அநேகமாக ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: "நேற்று வரைக்கும் வேலை செய்தது, தம்பி." உண்மைதான். ஆனால் நேற்று இரவு முழுக்க அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பார்த்திருப்பார்கள். மகன் தன் லப்டொப்பில் போட்டுப் பார்த்திருப்பான். பக்கத்து வீட்டுப் பெடியன் ஏதோ ஒரு ரிக்கவரி சொப்ட்வெயாரை இறக்கி விடியும்வரை ஓட விட்டிருப்பான். டிஸ்க்கில் மிச்சம் இருந்த உயிர் அந்த ஒரு இரவிலேயே போயிருக்கும்.

நான் கிளிநொச்சியில் இந்த வேலை செய்கிறேன். வன்னியில் இதற்கு ஒரு தனிப் பாரம் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்த பலரிடம் கல்யாண அல்பம் இல்லை, பிள்ளைகளின் சின்ன வயதுப் படம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடம் தப்பியிருந்த படங்களை ஸ்கான் பண்ணி வாங்கி, ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். அந்த ஒரு கொப்பிதான் இருக்கும்.

இயந்திரப் பகுதி பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இருந்து, அது முற்றாகச் சாவதற்குள், உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். தவறுதலாக அழித்த கோப்புகளை மீட்பது வேறு வேலை. சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியும் வேறு கதை.

உள்ளே என்ன நடக்கிறது

டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல மினுங்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. அவற்றை வாசிக்கும் ஹெட் தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுற்றும்போது எழும் காற்றின் மேல், சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீற்றர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். விழுந்து அடிபட்டோ, தேய்ந்தோ அந்த ஹெட் பழுதானால் முதலில் வாசிப்பு திணறும். அதற்குப் பிறகு தட்டில் உரசத் தொடங்கும். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு தூளாகப் பறந்துபோகும். உங்கள் படம் பதிந்திருந்தது அந்தப் பூச்சில்தான். தூளாகிப் போனதை எந்த ஆய்வுகூடமும் திரும்ப ஒட்டித் தராது.

ஆகவே கணக்கு இதுதான். இந்த டிஸ்க் இன்னும் பத்து மணித்தியாலம் வாசிக்குமா பத்து நிமிடம் வாசிக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. இருக்கும் நேரத்தைச் சோதித்துப் பார்ப்பதில் செலவழிக்காமல், கொப்பி எடுப்பதில் செலவழிக்க வேண்டும்.

முதல் வேலை: கரண்டை நிறுத்துவது

ஃபோல்டர் திறக்க நெடுநேரம் எடுக்கிறது, கொப்பி பாதியில் நிற்கிறது, டிஸ்க்கைப் பூட்டினால் கொம்பியூட்டரே உறைந்துவிடுகிறது, இதுவரை கேட்காத சத்தம் ஒன்று வருகிறது. இதில் எதைக் கண்டாலும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். "ஒருக்கால் பார்ப்பம்" என்று திரும்பப் பூட்ட வேண்டாம். விண்டோஸ் "ஃபோர்மட் செய்ய வேண்டுமா", "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

விண்டோஸோடு வரும் செக் டிஸ்க்கை ஓட விடவே வேண்டாம். அது உங்கள் படங்களைக் காப்பாற்ற எழுதப்பட்ட புரோகிராம் அல்ல, கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டது. வாசிக்க முடியாத பதிவுகளை வெட்டி எறிந்துவிட்டு "சரி செய்தாகிவிட்டது" என்று சொல்லும். டிஃப்ராக், வைரஸ் ஸ்கான் ஆகியவற்றுக்கும் இதே தடைதான். பட ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதுகூடச் செலவுதான். சின்னப் படங்களைக் காட்டுவதற்காக விண்டோஸ் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் தொடும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

அடுத்த தடவை கரண்ட் கொடுக்கும்போது அமைதியான இடத்தில், டிஸ்க்கைப் பலகையின் மேல் அசையாமல் வைத்து, பத்துச் செக்கன் மட்டும் கேளுங்கள்.

சீராகச் சுற்றி, சத்தம் வழமைபோல இருந்து, ஆனால் வாசிப்பு மட்டும் மெதுவாக இருந்தால் செக்டர்கள், அதாவது தட்டில் தரவு பதியும் சின்னச் சின்னத் துண்டுகள், பழுதாகத் தொடங்கியிருக்கலாம். இதை வீட்டில் செய்து பார்க்கலாம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த வகைக்குத்தான்.

டக்... டக்... டக்... என்று ஒரே இடைவெளியில் அடித்து, பிறகு நின்றுவிடுகிறதா? ஹெட் தனக்குரிய தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. பூட்டியவுடன் பீப் போலவோ நுளம்பு இரைவது போலவோ ஒரு சத்தம் வந்து தட்டு சுற்றவில்லை என்றால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டர் இறுகியிருக்கலாம். தேங்காய் துருவுவது போல உரசும் சத்தம் என்றால் அந்தச் செக்கனே கழற்றுங்கள். இந்த மூன்றும் வீட்டு வேலை அல்ல, என் கடை வேலையும் அல்ல, டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் தரவு மீட்பு ஆய்வுகூடத்தின் வேலை.

ஒரு விதிவிலக்கு: எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் மெல்லிய டிக் சத்தமோ பீப் சத்தமோ கரண்ட் காணாமலும் வரும். பழைய யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஅம்பியர்தான் தரும். சுற்றத் தொடங்கும் நொடியில் சில டிஸ்க்குகள் அதைவிட அதிகம் கேட்கும். விழாத, அடிபடாத டிஸ்க் என்றால் கேபிளை மாற்றி, கொம்பியூட்டரின் பின்பக்கத் துளையில் ஒரே ஒரு தடவை பூட்டிப் பாருங்கள். இரண்டாவது தடவை வேண்டாம்.

மூடியைத் திறக்கலாமா, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாமா

இரண்டும் கூடாது. ஃப்ரீஸருக்குள் வைத்தால் உயிர் வரும் என்ற கதை பழைய காலத்து டிஸ்க்குகளோடு தொடங்கியது. வைகாசி வெயிலில் ஃப்ரீஸரில் இருந்து எடுத்த சோடாப் போத்தலின் மேல் எவ்வளவு நீர் பூக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே நீர் டிஸ்க்கின் தட்டிலும் பூக்கும். மூடியைத் திறப்பதற்கு ஐஎஸ்ஓ 5 தரச் சுத்தமான காற்று வேண்டும். அதாவது ஒரு கன மீற்றர் காற்றில் அரை மைக்ரோமீற்றரோ அதைவிடப் பெரியதோ ஆன துகள் 3520க்கு மேல் இருக்கக் கூடாது. செம்மண் ஒழுங்கையில் ஒரு லாண்ட்மாஸ்டர் போனால் நம் வீட்டு மேசையில் எத்தனை படியும் என்று சொல்லத் தேவையில்லை.

சேர்க்கிட் போர்டை அதே மொடல் டிஸ்க்கில் இருந்து மாற்றினால் சரிவரும் என்பதும் இப்போதைய டிஸ்க்குகளில் அநேகமாகப் பொய்த்துப்போகும். ஒவ்வொரு போர்டிலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத் திருத்தங்கள் ஒரு சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால், 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு அப்படிச் சில வந்தன, வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், கரண்ட் கொடுக்கவும் வேண்டாம். அநேக டிஸ்க்குகளில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, தண்ணீர் அதனால் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் அழுக்கும் உப்பும் தட்டில் இறுகிவிடும். ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் இட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள்.

கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதாக இருந்தால்

ஹெட் மாற்றுவதற்கு அதே மொடல், நெருங்கிய தயாரிப்புத் திகதி உள்ள இன்னொரு டிஸ்க் வேண்டும், சுத்தமான அறை வேண்டும், பழகிய கை வேண்டும். ஆகவே ஃபோனில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஹெட் மாற்றும் வேலையை நீங்களே செய்கிறீர்களா, வேறிடத்துக்கு அனுப்புகிறீர்களா? தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? திறப்பதற்கு முன் எங்களிடம் கேட்பீர்களா? டிஸ்க்கைப் பார்க்காமலே "நூறு வீதம் எடுத்துத் தரலாம்" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

நிலைமின் தடுக்கும் பையில் போட்டு, குமிழ்த் தாளால் நாலாபக்கமும் தடிப்பாகச் சுற்றி, அசையாத பெட்டியில் வையுங்கள். இரவு பஸ்ஸில் போவதென்றால் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

கொப்பி எடுப்பதற்கு முன் ஒரு விசாரணை

தருமபுரத்தில் இருந்து ஒரு அக்கா வந்தார். சேலைக்கடைப் பைக்குள், துவாயால் சுற்றிய ஒரு டெராபைட் எக்ஸ்டேர்னல். அலுமாரி தட்டுப்பட்டு நிலத்தில் விழுந்ததாம். சத்தம் இல்லை, ஆனால் திறக்க மறுக்கிறது.

"உள்ளுக்குள்ள என்ன அக்கா இருக்கு?"

"எல்லாம்தான் தம்பி."

எல்லாம் என்ற பதிலோடு வேலையைத் தொடங்க ஏலாது. ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் கதைத்த பிறகு தெரியவந்தது: மகளின் சாமத்தியவீட்டு வீடியோ, மகன் சேர்த்த சினிமாப் படங்கள் கனக்க, அதோடு "அம்மா" என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர். அதில் 41 படங்கள். லண்டனில் இருந்த சித்தி ஸ்கான் பண்ணி அனுப்பியவை. எப்படி அனுப்பினார் என்று கேட்டேன். ஈமெயிலில், கொஞ்சம் வைபரில். அக்காவின் பழைய ஈமெயில் முகவரிக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. அதை மீட்டுத் திறந்தபோது 29 படங்கள் அங்கேயே கிடந்தன. சாமத்தியவீட்டு வீடியோ ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது. டிஸ்க்கைத் தொட முன்னமே பாதி வேலை முடிந்துவிட்டது. இனித் தேவை 12 படங்கள்.

இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன், ஈமெயில், வைபர், வாட்ஸ்அப், ஸ்டூடியோ, பழைய பென் டிரைவ், வெளிநாட்டு உறவுகள் எல்லோரிடமும் முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகும் வேறு எங்கும் இல்லாதவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் பிறகு எங்கே நிறுத்துவது என்று சொல்லும்.

ஆயத்தம்

பழுதான டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்த ஒரே கோப்பாக, அதாவது இமேஜ் கோப்பாக எடுப்பது என்றால் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும். அது ஃபாட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கக் கூடாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட ஏலாது.

எக்ஸ்டேர்னல் என்றால், கூட்டுக்குள் இருக்கும் டிஸ்க்கை வெளியே எடுத்து, கொம்பியூட்டருக்குள் டிஸ்க் பூட்டும் சாட்டா கேபிளால் நேரடியாகப் பூட்டுவது நல்லது. கூட்டுக்குள் டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் சின்னப் போர்டு பழுதான செக்டரைக் கண்டால் திணறும், சிலவேளை டிஸ்க்கையே துண்டித்துவிடும். ஆனால் சில 2.5 அங்குல எக்ஸ்டேர்னல்களில் யூஎஸ்பி துளை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா துளையே இருக்காது. வேறு சிலவற்றில் போர்டே தரவைக் குறியாக்கம் செய்யும். அப்படியானவற்றை யூஎஸ்பி வழியாகத்தான் செய்ய வேண்டும்.

கரண்ட் நிற்காத ஏற்பாடு வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில் இதை நான் கஷ்டப்பட்டுப் படித்தேன். மேசைக் கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் வையுங்கள், அல்லது பற்றரி நல்ல நிலையில் இருக்கும் லப்டொப்பில் செய்யுங்கள். டிஸ்க்குக்கு மேசை மின்விசிறியால் காற்று அடியுங்கள். விசிறியை மட்டும் வேறு மேசையில் வையுங்கள், அதிர்வு டிஸ்க்குக்குப் போகக் கூடாது.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை ஒரு தடவை பார்க்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் புரோகிராம் போதும். பார்க்க வேண்டியவை நான்கு. 5 இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், 197 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. 199 கேபிள் வழியில் வந்த பிழைகள். அது கூடியிருந்து மற்ற மூன்றும் பூச்சியம் என்றால் சந்தோஷப்படுங்கள், அநேகமாகக் கேபிள்தான் பிழை. இந்தப் புரோகிராம் எண்களை இயல்பாகப் பதினாறடிமானத்தில் காட்டும், ஆகவே 197, 198, 199 என்பவை சி5, சி6, சி7 என்று தெரியும். எண்ணிக்கையின் கடைசியில் சி8 என்று இருந்தால் அது 200. டிஸ்க்கின் கொள்ளளவையே பூச்சியம் என்றோ பிழையாகவோ காட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆய்வுகூடத்தை யோசியுங்கள்.

கொப்பி எடுப்பது

விண்டோஸில் இழுத்துப் போட்டுக் கொப்பி எடுப்பது இந்த வேலைக்கு ஆகாது. பழுதான செக்டர் ஒன்றில் மாட்டினால் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ. இலவசம். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைத் தாண்டிப் போய், அவற்றுக்குக் கடைசியில் திரும்பி வரும். வயலில் நனையாத கதிரை முதலில் ஏற்றிவிட்டுச் சேற்றில் கிடப்பதைப் பிறகு பொறுக்குவது போல. சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதில் இருந்து கொம்பியூட்டரை எழுப்பினால், டிடிரெஸ்கியூ உள்ளேயே இருக்கும். வேறு லினக்ஸ் என்றால், பூட்டிய டிஸ்க்கைத் தானாக மவுண்ட் செய்யும், அதாவது திறந்து பாவனைக்கு எடுக்கும், வசதியை முதலில் நிறுத்துங்கள்.

இப்போது மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு டிஸ்க்குகளின் பட்டியலைப் பாருங்கள். எது பழையது, எது புதியது என்பதை அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டும் ஒரு டெராபைட்டாக இருக்கலாம். மொடலையும் சீரியல் இலக்கத்தையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, தாளில் எழுதி, இன்னொரு ஆளுக்கும் காட்டுங்கள். மாறிக் கொடுத்தால் வெறும் டிஸ்க்கின் வெறுமை படங்களின் மேல் எழுதப்படும். அதற்கு மருந்தே இல்லை.

டிடிரெஸ்கியூவுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கும் கட்டளையின் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: முதலில் பழுதான டிஸ்க், அடுத்து புதிய டிஸ்க் அல்லது இமேஜ் கோப்பு, கடைசியில் மப்ஃபைல். மப்ஃபைல் என்பது எந்த இடம் வாசித்தாயிற்று, எந்த இடம் மிச்சம் என்று குறித்துவைக்கும் கணக்குக் கொப்பி. கரண்ட் போனாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் பென் டிரைவ் லினக்ஸில் மப்ஃபைலைச் சும்மா சேமித்தால் அது நினைவகத்தில்தான் இருக்கும், கொம்பியூட்டர் நின்றதும் அழிந்துவிடும். மூன்றாவது டிஸ்க் ஒன்றிலோ இன்னொரு பென் டிரைவிலோ சேமியுங்கள். இந்த ஒரு விடயத்தை மறந்து இரண்டு நாள் வேலையை ஒருமுறை இழந்திருக்கிறேன்.

முதல் சுற்றில் கட்டளையோடு சிறிய 'என்' (-n) என்ற தெரிவைச் சேருங்கள். பழுதான இடங்களைச் சுரண்ட வேண்டாம், நல்லதை மட்டும் அள்ளு என்பது அதன் பொருள். கோப்புக்குப் பதிலாக நேரடியாக டிஸ்க்கின் மேல் எழுதுவதென்றால் சிறிய 'எஃப்' போடாமல் டிடிரெஸ்கியூ தொடங்காது. அது உங்களிடம் கேட்கும் கடைசிக் கேள்வி என்று நினைத்து, எழுதிய தாளை இன்னொரு தடவை பாருங்கள். நல்ல டிஸ்க் என்றால் செக்கனுக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட் மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2 வழியாக என்றால் ஒன்பது பத்து மணித்தியாலம். பழுது கூடினால் நாட்கணக்கு.

திரையில் மீட்ட வீதத்தைவிட, கடைசியாக வெற்றிகரமாக வாசித்து எவ்வளவு நேரம் என்ற வரியை நான் கூடக் கவனிப்பேன். அது சில செக்கனில் இருக்கும்வரை விட்டுவிடலாம். நிமிடங்களாக நீண்டு, டிஸ்க்கும் புதுச் சத்தம் போடத் தொடங்கினால் நிறுத்திக் குளிரவிடுங்கள். டக் டக் தொடங்கினால் வேலை அத்தோடு முடிந்தது, மிச்சம் ஆய்வுகூடத்துக்கு.

இன்னொரு அடையாளம்: மப்ஃபைலை வரைபடமாகப் பார்க்கும்போது நல்லதும் பழுதும் ஒரே அளவான பட்டைகளாக, பாய் பின்னியது போல மாறி மாறி வந்தால், பல ஹெட்களில் ஒன்று செத்துவிட்டது. எத்தனை தடவை முயன்றாலும் அந்தப் பட்டைகள் நிறையாது. மற்ற ஹெட்கள் வாசித்ததைப் பத்திரப்படுத்திவிட்டு நிறுத்துங்கள்.

முதல் சுற்று முடிந்ததும் இரண்டாவது. இப்போது 'என்' இல்லாமல், நேரடி வாசிப்புக்குச் சிறிய 'டி', மூன்று முயற்சிக்குச் சிறிய 'ஆர்' உடன் 3. பெரிய 'ஆர்' வேறு பொருள் தரும், அது பின்னால் இருந்து முன்னுக்கு வாசிக்கச் சொல்வது. சிலவேளை அதுவும் உதவும். முன்பக்கம் திணறிய இடத்தைப் பின்பக்கமாக வந்து எட்டிப்பிடித்துவிடும். மூன்று முயற்சிக்கு மேல் கேட்பது என் அனுபவத்தில் பேராசை.

கொப்பியில் இருந்து கோப்புகளை எடுப்பது

பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இனி எல்லாம் கொப்பியில்தான். எழுத முடியாதபடி, வாசிக்க மட்டும் மவுண்ட் செய்தால் பெரும்பாலும் ஃபோல்டர்கள் அப்படியே திறக்கும். எடுத்து வேறு டிஸ்க்கில் போடுங்கள். திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ போன்ற மீட்புப் புரோகிராம்கள் கோப்பு அட்டவணையைத் தேடி ஃபோல்டர் பெயரோடு காட்டும். அதுவும் சரிவராவிட்டால் கடைசியாக ஃபோட்டோரெக். அது பெயரைப் பார்ப்பதில்லை, கோப்பின் தலைப்பகுதி அடையாளத்தைப் பார்த்துப் பொறுக்கும். ஆயிரக்கணக்கான படங்கள் எண் பெயர்களோடு வந்து குவியும், "அம்மா" என்ற ஃபோல்டர் பெயர் வராது. உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

வாசிக்காமல் போன இடங்களில் எந்தக் கோப்புகள் இருந்தன என்று அறிய ஒரு வழி உண்டு. டிடிரெஸ்கியூவின் நிரப்பும் முறையால், கொப்பியில் உள்ள பழுதான இடங்களில் மட்டும் ஒரு அடையாளச் சொல்லை எழுதவைத்து, பிறகு அந்தச் சொல் உள்ள கோப்புகளைத் தேடலாம். இமேஜின் இன்னொரு கொப்பியில் இதைச் செய்யுங்கள். வரும் பட்டியலை ஆரம்பத்தில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பழுதானவை சினிமாப் படங்கள் என்றால் ஒருவரும் கவலைப்படப் போவதில்லை.

அக்காவின் டிஸ்க்கில் 12இல் 11 முழுமையாக வந்தன. ஒன்றில் மேல்பாதி தெளிவாக இருந்தது, கீழ்ப்பாதி சாம்பல். ஜேபெக் படம் மேலிருந்து கீழாகப் பதிந்திருப்பதால், நடுவில் ஒரு செக்டர் போனால் அதற்குக் கீழே உள்ளது இப்படித்தான் ஆகும். வேப்பமரம் தெரிந்தது, வாசல் நிலை தெரிந்தது, தாயாரின் முகம் தோள் வரைக்கும் தெரிந்தது. மடியில் யார் இருந்தது என்பது சாம்பலுக்குள் போய்விட்டது. "நான்தான்" என்றார் அக்கா. எனக்கு ஏழு மாதம் என்று சேர்த்துச் சொன்னார்.

அந்த ஒரு படத்துக்காக இன்னொரு சுற்று ஓடவிடலாமா என்று கேட்டார். இயலும், ஆனால் அந்த இடத்துக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் டிஸ்க் புதிதாக ஒரு சத்தம் போட்டது. பின்னொரு நாளில் ஆய்வுகூடம் ஒன்றில் கொடுக்க விரும்பினால் அதற்காவது உயிர் இருக்கட்டும் என்றேன். படங்களை இரண்டு பென் டிரைவிலும் மகளின் ஃபோனிலும் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கின் மேல் திகதியையும் "கரண்ட் கொடுக்க வேண்டாம்" என்பதையும் எழுதி ஒட்டினேன். மப்ஃபைலையும் ஒரு பென் டிரைவில் சேர்த்தேன். எது வாசித்தாயிற்று என்று ஆய்வுகூடக்காரர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அக்கா டிஸ்க்கைத் திரும்பவும் அதே துவாயால் சுற்றி, சேலைக்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு பரந்தன் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நடந்தார்.